எங்கள் உழவர் நிறுவனத்தில் முதன்முதலாக வாக்குச்சீட்டு

செஞ்சிக்கு அருகில் ஒன்றரை ஏக்கரில் மல்லாட்டை (நிலக்கடலை) பயிரிடும் நான், உழவர்களே பங்கு போட்டு நடத்தும் எங்கள் பகுதி உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் தொடக்கம் முதலே பங்குதாரராக இருக்கிறேன். சென்ற புரட்டாசியில் நடந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இயக்குநர் பதவிக்குப் போட்டியிட்டு 14 வாக்கு வித்தியாசத்தில் தோற்றேன். இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், எங்கள் நிறுவனத்தில் அதற்கு முன் எவரும் தோற்றதே இல்லை என்பதுதான். மேடையில் பெயர்களை வாசிப்பார்கள், நாங்கள் கை தட்டுவோம், நடவடிக்கைக் குறிப்பில் 'ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டனர்' என்று எழுதப்படும். கூட்டத்துக்கு வராதவர்களின் வீட்டுக்குக் கையெழுத்துப் புத்தகம் மறுநாள் வரும். நானும் ஓர் ஆண்டு அப்படி வீட்டு வாசலில் நின்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

தமிழ்நாட்டில் 2017-18இல் தொடங்கிய கூட்டுப்பண்ணையத் திட்டத்தில் 20 பேர் கொண்ட உழவர் ஆர்வலர் குழுக்களை அமைத்து, அவற்றை 100 பேர் கொண்ட உற்பத்தியாளர் குழுக்களாக இணைத்து, அவற்றின் மேல் நிறுவனங்களை உருவாக்கினார்கள். எங்கள் நிறுவனமும் அப்படி வந்ததே. குழுவுக்குக் கிடைத்த 5 லட்சம் ரூபாயில் என்ன இயந்திரம் வாங்கலாம் என்று பேசிய அளவுக்கு, இயக்குநர் என்பவர் யார், அவரை அமர்த்துவதும் நீக்குவதும் யார் கையில் இருக்கிறது என்று நாங்கள் பேசவில்லை. கூட்டுறவுச் சங்கம் போல இதுவும் ஒன்று, வேண்டியதை அதிகாரிகள் பார்த்துக்கொள்வார்கள் என்றே பலரும் நினைத்திருந்தோம். ஆனால் கூட்டுறவுச் சங்கத் தேர்தலை நடத்துவதற்கு மாநிலத்தில் தனி ஆணையம் இருக்கிறது. உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு அப்படி வெளியிலிருந்து வந்து தேர்தல் நடத்தித் தருபவர் யாரும் இல்லை. அது கம்பெனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவான நிறுவனம் என்பதால், உறுப்பினர்கள் நடத்தினால்தான் தேர்தல் நடக்கும்.

சட்டத்தில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பொருளியலாளர் ஒய்.கே. அலக் தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஒட்டி 2002இல் கம்பெனிச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட உற்பத்தியாளர் நிறுவனம் என்ற இந்த ஏற்பாடு, 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 2013ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் தனி அத்தியாயமாக வந்துவிட்டது. தனிநபர்கள் உறுப்பினராக உள்ள நிறுவனத்தில் ஒருவர் 10 பங்கு வைத்திருந்தாலும் 100 பங்கு வைத்திருந்தாலும் அவருக்கு ஒரு வாக்குதான் என்பது அதன் அடித்தளம். இயக்குநர்கள் 5 பேருக்குக் குறையாமலும் 15 பேருக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். ஒருவருடைய பதவிக்காலம் ஓராண்டுக்குக் குறையாமல் ஐந்து ஆண்டுக்குள் இருக்க வேண்டும். பொதுக்கூட்ட அறிவிப்பைக் குறைந்தது 14 நாள்களுக்கு முன் அனுப்ப வேண்டும் என்பதோடு நில்லாமல், இயக்குநர் பதவிக்கு நிற்பவர்களின் பெயரையும் ஒவ்வொருவரின் தகுதி பற்றிய குறிப்பையும் அந்த அறிவிப்புடன் சேர்த்து அனுப்ப வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. எங்களுக்கு வந்துகொண்டிருந்த அறிவிப்பில் இடமும் நேரமும் மதிய உணவு உண்டு என்ற தகவலும் மட்டுமே இருந்தன.

எல்லோரையும் விழிக்க வைத்தது, காய் திரள்வதற்காக மண்ணில் இடும் ஜிப்சம். மல்லாட்டைக்கு 40 முதல் 45 நாளுக்குள், விழுது இறங்கும் சமயத்தில், ஜிப்சம் இட்டு மண் அணைக்க வேண்டும். ஏக்கருக்கு 160 கிலோ என்பது வேளாண் துறையின் பரிந்துரை. அந்தப் பட்டத்தில் நிறுவனமே மொத்தமாக வாங்கித் தரும் என்று முன்பணம் கட்டினோம். லோடு வந்து சேர்ந்தபோது என் நிலத்தில் பயிருக்கு 63 நாள் ஆகியிருந்தது. இறவையில் போட்டிருந்த பலருக்கும் அதே நிலைதான். அறுவடையில் பருப்புத் திரளாத பொக்குக் காய் மிகுந்து, உடைத்த பருப்பு எடை நிற்கவில்லை. முன்பணம் கட்டியதால் வெளியில் வாங்காமல் காத்திருந்தவர்களுக்கே இந்த இழப்பு நேர்ந்தது என்பது இன்னும் வருத்தம்.

கோபம் முதலில் சி.இ.ஓ. எனப்படும் முதன்மைச் செயல் அலுவலர் மேல்தான் போனது. எனக்கும் அப்படித்தான். விசாரித்தபோதுதான், விலைப்புள்ளிகளை அவர் உரிய காலத்தில் வாங்கி வைத்திருந்தார் என்பதும், அதற்கு ஒப்புதல் தரவேண்டிய இயக்குநர் குழு அந்தச் சமயத்தில் கூடவே இல்லை என்பதும் தெரிந்தன. முதன்மைச் செயல் அலுவலர் உறுப்பினர் அல்லாத முழுநேர ஊழியர். குழு தீர்மானித்ததைச் செய்வது அவர் வேலை. குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, எங்கள் குழு அந்தக் கணக்கைச் சரியாகவே காட்டியிருந்தது. ஆனால் மல்லாட்டை 105 நாள் பயிர். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மட்டும் கூடும் குழு, ஒரு பயிருக்கு ஒரு முறைதான் கூடும். விதை வாங்குவதற்கும் ஜிப்சம் வாங்குவதற்கும் ஒழுங்குமுறை விற்பனைக் கமிட்டியில் விலை இறங்கும்போது சரக்கை இருப்பு வைப்பதற்கும் அந்த ஒரு கூட்டம் எப்படிப் போதும்? குறைந்த அளவு என்று சட்டம் சொன்னதை எங்கள் இயக்குநர்கள் போதிய அளவு என்று கொண்டுவிட்டார்கள். அவர்களில் இருவருக்குப் பயிர்த்தொழிலோடு இருந்த தொடர்பு விட்டுப்போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஊருக்கு ஒருவர் என்ற பங்கீட்டில் மரியாதைக்காக உட்கார வைக்கப்பட்டவர்கள்.

எங்கள் நிறுவன விதிமுறைப்படி 9 இயக்குநர்களில் ஆண்டுக்கு 3 பேர் ஓய்வு பெற வேண்டும். இந்த முறை அந்த மூன்று இடங்களுக்கு வேட்பு மனு வாங்க வேண்டும், மறைவாக வாக்களிக்க வேண்டும் என்று எங்கள் உற்பத்தியாளர் குழுவில் 40 பேர் கையெழுத்திட்டுக் கொடுத்தோம். அன்று மாலையே உறவில் பெரியப்பா முறையாகும் ஒருவர் என்னைத் தேடி வந்தார். "ஏம்மா, சொந்த பந்தத்துக்குள்ள ஓட்டுப் போட்டா நாளைக்கு ஒருத்தர் மூஞ்சியில ஒருத்தர் முழிக்கிறது எப்படி? ஒருமனதா முடிச்சிக்கலாம்" என்றார். அந்த அச்சத்தை நான் எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஊராட்சித் தேர்தல் முடிந்து ஆண்டுகள் கழிந்த பின்னும் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. அவருக்கு நான் சொன்ன பதில் ஒன்றுதான்: "பெரியப்பா, யார் யாருக்குப் போட்டாங்கன்னு தெரிஞ்சாதானே பகை வரும்?" அதன் பிறகு, ஊர்வாரியாகப் பெட்டி வைக்காமல் ஒரே பெட்டியில் எல்லாச் சீட்டையும் போட்டுக் கலந்து எண்ண வேண்டும் என்ற யோசனையைச் சொன்னவர் அவரேதான். எந்த ஊர் எவரைக் கைவிட்டது என்பது இன்றுவரை எவருக்கும் தெரியாது.

மனு கொடுத்தவர்கள் 6 பேர். ஒவ்வொருவரும் ஒரு பக்கத்தில் ஐந்து செய்திகளைத் தரவேண்டும் என்று முடிவானது: எவ்வளவு நிலத்தில் என்ன பயிர், சொந்த நிலமா குத்தகையா, கடந்த பட்டத்தில் நிறுவனத்துக்கு எவ்வளவு சரக்குக் கொடுத்தார், நிறுவனத்துக்குத் தரவேண்டிய பாக்கி ஏதும் உண்டா, மல்லாட்டை வாங்கி விற்கும் தொழில் வேறு ஏதும் உண்டா. நான்காவது கேள்விக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. நிறுவனத்திடம் வாங்கிய கடனைத் திருப்பாதவர் இயக்குநராகத் தொடர முடியாது. ஐந்தாவது கேள்விதான் கடினமாக இருந்தது. நிறுவனத்தின் தொழிலோடு முரண்படும் வணிகம் உள்ளவர் உறுப்பினராகவே சேர முடியாது என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் கிராமத்தில் மண்டி வைத்திருப்பவருக்கும் நிலம் இருக்கிறது, நமக்கு அவசரத்துக்குப் பணம் தருபவரும் அவராகவே இருக்கிறார். மனு கொடுத்தவர்களில் ஒருவர் தம் அண்ணனோடு கமிஷன் மண்டி நடத்துபவர். அந்த ஐந்தாவது வரியை நிரப்பும் இடத்தில் அவர் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதற்காக அவரை நான் மதிக்கிறேன். அவருடைய உறுப்பினர் தகுதியைப் பற்றிப் புதிய குழு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் நிறுவனத்தில் அப்போது பதிவேட்டின்படி 642 உறுப்பினர்கள். மொத்த உறுப்பினர்களில் கால் பங்கினர் இருந்தால்தான் கூட்டம் செல்லும் என்பதால் 161 பேர் நேரில் வரவேண்டும். திருமண மண்டபத்தில் காலை பதினொரு மணிக்கு 150ஐத் தாண்டாத எண்ணிக்கை, களையெடுப்பை முடித்துக்கொண்டு பெண்கள் வந்து சேர்ந்த பின் 237 ஆனது. பக்கத்து ஊர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தேர்தல் அலுவலராக இருந்தார். மனைவி பெயரில் உள்ள பங்குக்கு வாக்களிக்க வந்த கணவர்கள் பலரை அவர் பணிவாக, ஆனால் உறுதியாகத் திருப்பி அனுப்பினார். சிலர் சினந்து போய்விட்டார்கள். சிலர் வீட்டுக்குப் போய் மனைவியை வண்டியில் அழைத்து வந்தார்கள். அப்படி வந்த ஓர் அக்கா, தன் பெயரில் பங்குப் பத்திரம் இருப்பதை அன்றுதான் முதன்முதலாகக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். இந்தத் தேர்தலில் நான் கண்டவற்றுள் என் மனத்தை விட்டு அகலாதது அதுவே.

நிலம் ஆணின் பெயரில் இருந்தாலும், குத்தகைக்கு உழுதாலும், ஆடு மாடு வளர்த்தாலும், முதல்நிலை விளைபொருளோடு தொடர்புள்ள வேலையைச் செய்பவர் எவரும் உற்பத்தியாளரே என்பது சட்டம் தரும் பொருள். இதை நாங்கள் எங்கள் குழுக்களில் ஒரு முறையும் வாசித்துக் காட்டியதில்லை. குத்தகைதாரர்கள் பலர் இன்றும் உறுப்பினராகாமல் வெளியில் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சீட்டில் ஐந்து பெயர்களும் நிழற்படங்களும் இருந்தன. மூன்று பேர் வரை குறியிடலாம். நான்கு பேருக்குக் குறியிட்டதால் 11 சீட்டுகள் செல்லாமல் போயின. அடுத்த முறை மாதிரிச் சீட்டை ஒரு வாரம் முன்பே குழுக்களில் காட்ட வேண்டும். வென்ற மூவரில் ஒருவர் முன்பு இருந்தவரே, இருவர் புதியவர்கள், மூவரும் மல்லாட்டை போடுபவர்கள். தலைவரை இயக்குநர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள் என்பதால் அதில் எங்களுக்கு வாக்கு இல்லை. புதிய குழு முதல் கூட்டத்திலேயே, பட்டம் நடக்கும் மாதங்களில் மாதம் ஒரு முறை கூடுவது என்று தீர்மானித்திருக்கிறது. மார்கழிப் பட்டத்துக்கான ஜிப்சத்தை விதைப்புக்கு முன்பே இறக்கி வைப்பதாகவும் சொல்லியிருக்கிறார்கள்.

தோற்ற எனக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள், நான் கேட்டுத்தான். வாக்காளர் பட்டியலைச் சரிபார்த்தபோது 642 பேரில் 29 பேர் இறந்துபோனவர்கள் என்று தெரிந்தது. அவர்களின் பெயர் பதிவேட்டில் இருக்கும்வரை கால் பங்குக் கணக்கிலும் அவர்கள் இருக்கிறார்கள். உறுப்பினரானவர் மூன்று மாதத்துக்குள், தமக்குப் பின் பங்கைப் பெறவேண்டிய நியமனதாரர் ஒருவரைக் குறிப்பிட வேண்டும் என்று விதி இருந்தும், இந்த 29 பேரில் 6 பேருக்கு மட்டுமே அந்தப் படிவம் கோப்பில் இருக்கிறது. மற்ற 23 வீடுகளுக்கும் போய், பங்குக்கு உரியவர் யார், அவர் பயிர் செய்கிறாரா, உறுப்பினராகத் தொடர விரும்புகிறாரா என்று கேட்டு எழுதிவர வேண்டும். எங்கள் ஊரில் மட்டும் ஐந்து வீடுகள். வரும் ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவையும் அழைத்துக்கொண்டு அங்கிருந்து தொடங்குகிறேன்.