பொரிக்கு மருந்து புகட்ட ஒரு கை

எங்கள் வீட்டில் இரண்டு பெண் எலிகள். உடம்பெல்லாம் வெள்ளையாக இருப்பவள் பொரி, தலை மட்டும் பழுப்பாக இருப்பவள் கடலை. தனியாக விட்டால் எலி வாடிவிடும் என்பதால் இரண்டாக வாங்கினோம். வளர்ப்பு எலிக்கு ஆயுளே இரண்டு, மூன்று ஆண்டுகள்தான். பொரிக்கு இரண்டு முடிந்துவிட்டது. மே மாதம் அக்கா குடும்பத்தோடு கொடைக்கானலில் ஐந்து நாள் தங்க எல்லாம் பதிவு செய்திருந்தோம். கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது பொரிக்கு மூச்சிரைக்க ஆரம்பித்தது. விலாவில் காதை வைத்தால், ஈரம் பட்ட அகல் திரி எரிவது போலச் சிறு சிறு வெடிப்புச் சத்தம்.

முதலில் போன இடத்தில் எலிக்கெல்லாம் வைத்தியம் பார்ப்பதில்லை என்று வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். பறவை, முயல் பார்க்கும் மருத்துவர் ஒருவரைக் கண்டுபிடிக்க மூன்று நாள் போனது. மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி என்றார். வளர்ப்பு எலிகள் பலவற்றின் உடம்பில் குட்டியிலிருந்தே இருக்குமாம். வயது ஏறினாலோ காற்று கெட்டாலோ நுரையீரலைப் பிடித்துக்கொள்ளும். அடியோடு போகாது, அடக்கி வைக்கலாம். எடை போட்டுப் பார்த்து, டாக்ஸிசைக்கிளின் திரவ மருந்தை 12 மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுக்கச் சொன்னார். கூண்டில் நாங்கள் மரத்தூள் பரப்பியிருந்தோம். அந்தத் தூசியும், சிறுநீரிலிருந்து கிளம்பும் அமோனியா நெடியும் அவள் நுரையீரலுக்கு எவ்வளவு கெடுதல் என்று அன்றுதான் தெரிந்தது. அன்றே அள்ளிக் கொட்டிவிட்டுக் காகிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

யாரிடம் விடுவது? கூடவே கொண்டுபோனால் மலைப்பாதைக் குலுக்கலும் திடீர்க் குளிரும் ஆகாது. காசு வாங்கிப் பார்த்துக்கொள்ளும் இடங்களில் நாயும் பூனையும் இருக்கும். அந்த வாடையே எலியைப் பயத்தில் ஒடுக்கிவிடும். அண்ணன் மகளுக்கு இரண்டின் மேலும் கொள்ளைப் பிரியம். ஆனால் ஊசியில்லாத சிரிஞ்சைப் பிடிக்கும்போதே அவள் கை நடுங்கியது.

எதிர் வீட்டு அத்தை உசிலம்பட்டிப் பக்கத்தில் ஆடு வளர்த்த குடும்பத்தில் பிறந்தவர். அவர்கள் வீட்டுக்குக் கீழே மளிகைக் கடை. எலி என்றால் மூட்டையைக் கடிப்பது என்றுதான் அவருக்குப் பழக்கம். தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். “ஆட்டுக்குட்டிக்கு மருந்து புகட்டிய கைம்மா இது. கொண்டு வா” என்றார். நோயுற்ற பிராணியை விட்டுச்செல்ல, கொஞ்சத் தெரிந்தவரைவிடப் புகட்டத் தெரிந்தவரே வேண்டும் என்பதை அவரிடம்தான் கண்டேன்.

வாயால் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. நான்கு நாள், எட்டு வேளை மருந்தையும் அத்தையே என் கண் முன்னால் கொடுத்தார். துண்டில் பொரியைச் சுருட்டி, தலையை மட்டும் வெளியே விட்டு, சிரிஞ்சை வாயின் ஓரத்தில் வைத்து ஒவ்வொரு சொட்டாக. நேராக உள்ளே பீய்ச்சினால் மூச்சுக்குழலுக்குப் போய்விடும். “பாலில் கலந்தால் தானே குடித்துவிடுமே?” என்று கேட்டார். பால், தயிரில் உள்ள கால்சியம் அந்த மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்; மசித்த வாழைப்பழம் போதும் என்று மருத்துவரே தொலைபேசியில் விளக்கினார்.

பிறகு வெயில். எலிக்கு நம்மைப் போல வியர்க்காது. உடம்புச் சூட்டின் ஒரு பகுதியை வால் வழியாக வெளியேற்றும். கூண்டைக் கடைக்குப் பின்னாலிருக்கும் அறையில், வெறும் தரையில் வைத்தோம். மின்சாரம் போனால் பக்கத்தில் வைக்க, ஐஸ் கட்டிய தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வைக்கச் சொன்னேன். கடையிலிருந்த எலி மருந்தையும் பசை அட்டையையும் அத்தையே எடுத்து அப்புறப்படுத்தினார்.

சமையல் தராசு, ஒரு நோட்டு, 2,000 ரூபாய், மருத்துவரின் எண் எல்லாம் கொடுத்தேன். வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, விலா உள்ளே இழுத்தாலோ, ஒரு வேளை முழுக்கச் சாப்பிடாவிட்டாலோ என்னைக் கேட்காமல் கொண்டுபோகலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மருத்துவரிடமும் சொல்லி வைத்தேன். அத்தை ஒன்றைக் கேட்டார்: “ஒருவேளை போய்விட்டால்?” நானாகக் கேட்டிருக்க மாட்டேன். கொல்லையில் நந்தியாவட்டைக்கு அடியில் புதைத்துவிடுங்கள், எனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் தொண்டை அடைத்துவிட்டது.

ஒன்றை மறந்திருந்தேன். முதல் நாள் இரவே அத்தை பதறி அழைத்தார்: கண்ணிலிருந்து ரத்தம்! அது ரத்தம் இல்லை. கண்ணுக்குப் பின்னாலுள்ள சுரப்பியிலிருந்து வரும் சிவப்புக் கசிவு. நோயிலும் கலக்கத்திலும் கூடும். இடம் மாறியதில் கூடியிருக்கிறது. ஈரப் பஞ்சால் துடைக்கச் சொன்னேன். மூச்சு எப்படி இருக்கிறது என்று படம் பிடித்து அனுப்பினார். மறுநாள் குறைந்துவிட்டது.

ஆறாம் நாள் ஆரப்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே அத்தை வீட்டுக்குத்தான் போனேன். நோட்டில் அவருடைய சாய்ந்த எழுத்து: “வியாழன் காலை 271 கிராம். மருந்து முழுதும் உள்ளே. வெள்ளி காலை 274. கடலை பக்கத்திலேயே படுத்திருக்கிறது.”

அன்று இரவு மருந்துக்கு நான் துண்டை விரித்தேன். பொரி திமிறினாள். அத்தை கை நீட்டி வாங்கிக்கொண்டார்.