அதிகாரபூர்வ வரலாறு எதுவரை?

பலர் சேர்ந்து ஆடும் கற்பனை உலகுக்கு வரலாறு எழுதுபவர், ஆட்டத்தில் பிறக்கும் கதைகளுக்கு இடம் விட்டுத்தான் எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பாத்திரமேற்று ஆடும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தின் ‘ஃபர்காட்டன் ரியல்ம்ஸ்’ உலகில், 2008-இல் வந்த புதிய ஆட்ட விதிகளுக்கு ஏற்ப, மந்திர சக்தியே நிலைகுலைந்த பேரழிவு ஒன்றைப் புகுத்திக் காலத்தை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்னே தள்ளினார்கள். ஆட்டக் குழுக்கள் பாடுபட்டு வளர்த்த அரசுகள் பல அதனால் பழங்கதையாயின. அதே ஆட்டத்துக்காகக் கீத் பேக்கர் உருவாக்கிய ‘எபெரான்’ உலகமோ 2004 முதல் எல்லாப் பதிப்புகளிலும் அவ்வுலக நாட்காட்டியின் 998-ஆம் ஆண்டிலேயே தொடங்குகிறது. அங்கே சைர் நாட்டை அழித்த பேரிடரின் காரணத்தை வேண்டுமென்றே சொல்லாமல் விட்டிருக்கிறார்கள் (இதுவே எனக்கு மிகவும் பிடித்த முடிவு). எங்கள் குழுவின் பதிவேட்டிலும் ஆட்டத்தில் நடந்தவை மட்டுமே மையால் எழுதப்படும். வதந்திகளும் ஊகங்களும் பென்சிலில்தான் இருக்கும்.