தையல் பிரிக்கச் சென்ற நாளில் வாங்கிய அறிக்கை

வலது விலாவுக்குக் கீழே அவ்வப்போது வந்துபோன வலியை, 67 வயதான என் அம்மா பல ஆண்டுகளாக வாயுத்தொல்லை என்றே எண்ணியிருந்தார். ஸ்கேனில் 3 செ.மீ.க்கும் பெரிய கல் தெரிந்த பிறகே, சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை அகற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டார். அறுவை நல்லபடியாக முடிந்து வீடு திரும்பிய நிம்மதியில், அகற்றிய பித்தப்பை திசுப் பரிசோதனைக்குப் போயிருப்பதையே நாங்கள் மறந்துவிட்டோம். மருத்துவமனையிலும் யாரும் நினைவூட்டவில்லை. தையல் பிரிக்கச் சென்ற நாளில் நானாகக் கேட்டு வாங்கிய அறிக்கையில், பித்தப்பையில் இருந்த புற்றுநோய் அதன் சுவரின் தசையடுக்கு வரை ஊடுருவியிருப்பதாகவும், அந்த ஆழத்தைக் குறிக்கும் டி1பி நிலை என்றும் எழுதியிருந்தது.

நோய் உட்சவ்வைத் தாண்டாத டி1ஏ நிலையாக இருந்திருந்தால் பித்தப்பையை எடுத்ததே போதுமான சிகிச்சையாகியிருக்கும் என்றும், தசையைத் தொட்டுவிட்டதால் பித்தப்பை ஒட்டியிருந்த கல்லீரல் பகுதியையும் அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் இரண்டாம் அறுவையில் அகற்ற வேண்டும் என்றும் புற்றுநோய் அறுவை மருத்துவர் விளக்கினார்.

அதற்கு முன் அவர் பொறுமையாகக் கேட்ட கேள்விகள்தாம் எனக்கு இந்த நோயைப் புரியவைத்தன. கல் இருப்பது எப்போதிருந்து தெரியும், டைபாய்டு வந்ததுண்டா, நெருங்கிய உறவில் யாருக்காவது இந்நோய் உண்டா, பழைய ஸ்கேனில் 10 மி.மீ.க்கு மேற்பட்ட பாலிப்போ (உட்சுவரில் வளரும் சிறு சதை) பித்தப்பைச் சுவரில் சுண்ணாம்புப் படிவோ குறிப்பிடப்பட்டிருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். டைபாய்டுக் கிருமி சிலருடைய பித்தப்பையில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும் என்பதை அன்றுதான் அறிந்தேன். எட்டு ஆண்டுகளுக்கு முந்தைய ஸ்கேன் அறிக்கையிலேயே கல் பதிவாகியிருந்ததைக் கண்டபோது என்னால் தாங்க முடியவில்லை. பித்தக்கல் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதே இல்லை, ஆனால் இந்நோய் வந்தவர்களில் பெரும்பாலோரிடம் கல் இருக்கிறது, பெண்களையும் முதியவர்களையுமே இது அதிகம் தாக்குகிறது என்று அவர் சொன்னார். கல்லைப் பற்றிய அந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்துப் புரிந்துகொள்ள எனக்குச் சில நாள்கள் ஆயின.

இரண்டாம் அறுவையில் எடுத்த கணுக்களில் நோய் இல்லை. இப்போது குறித்த இடைவெளிகளில் ஸ்கேன் எடுக்கிறோம். சித்திக்கும் கல் இருப்பதால் சென்ற மாதம் அவரையும் அழைத்துச் சென்று, கல்லின் அளவையும் பித்தப்பைச் சுவரின் தடிமனையும் அறிக்கையில் எழுதித் தரும்படி கேட்டு வாங்கினோம்.