பிளாஷ்பேக் வேண்டாம் சார்

கதை டிஸ்கஷனில் ஒரு பெண் பாத்திரம் கல்யாணம் வேண்டாம் என்று சொன்னால் போதும், அறையில் இருக்கிற அத்தனை பேரும் காரணம் தேடக் கிளம்பிவிடுவார்கள். காதல் தோல்வியா? சின்ன வயதில் ஏதாவது நடந்ததா? அக்கா பட்ட பாட்டைப் பார்த்துப் பயந்தவளா? வெப் தொடர்களுக்கு வசனம் எழுதும் எனக்கு இது பழகிய சங்கதி.

போன தொடரில் கோமதி என்றொரு வங்கி அதிகாரி. நாற்பதை நெருங்குகிறவள். யார் மீதும் அவளுக்குப் பாலீர்ப்பு வந்ததே இல்லை, ஏசெக்சுவல்.

"பிளாஷ்பேக் எங்கம்மா?" என்றார் இயக்குநர்.

"இல்ல சார். அவ அப்படித்தான்."

நாயகன் காதலித்தால் யாரும் காரணம் கேட்பதில்லை. பஸ் ஸ்டாப்பில் பார்த்தான், பிடித்துப்போயிற்று, அடுத்து பாட்டு.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 'ஹவுஸ்' மருத்துவத் தொடரில் 2012இல் ஓர் ஏசெக்சுவல் தம்பதி வந்தார்கள். கணவனுக்கு ஆசை வராததற்குக் காரணம் மூளையில் பிட்யூட்டரி சுரப்பி அருகே இருந்த கட்டி, மனைவி அவனுக்காகத் தானும் அப்படித்தான் என்று பொய் சொல்லி வாழ்ந்தவள் என்று முடித்தார்கள். ஒரே எபிசோடில் இருவர் கணக்கும் தீர்ந்தது.

"மணிமேகலை மாதிரி கொண்டுபோலாமேக்கா" என்றான் உதவி இயக்குநர் தம்பி ஒருவன். படிக்கிற பையன். ஆனால் மணிமேகலைக்கு ஈர்ப்பு இருந்தது. அவளை விரும்பிய இளவரசன் உதயகுமரன் இகழ்ந்து பேசிய பிறகும் 'புதுவோன் பின்றைப் போனது என் நெஞ்சம்', அந்தப் புதியவன் பின்னால் என் மனசு போய்விட்டது என்று அவளே தோழி சுதமதியிடம் சொல்கிறாள். ஆசை வந்து, அதைத் துறந்தவள் அவள். கோமதிக்குத் துறக்க என்ன இருக்கிறது? முதுமையை வரமாகக் கேட்டதாகச் சொல்லப்படும் ஔவை, பேயுரு வேண்டிய காரைக்கால் அம்மையார் என்று பார்த்தால், இல்லறத்துக்கு வெளியே நிற்கிற பெண்ணுக்குப் பின்னால் ஒரு சாமி நின்றாக வேண்டியிருக்கிறது. கோமதிக்குப் பக்தி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி உண்டு.

ஏசெக்சுவலான தோழி ஒருத்தியிடம் ஸ்கிரிப்டைக் கொடுத்தோம். யார் தொட்டாலும் கோமதி விலகுவதாகக் குழு எழுதியிருந்த இடங்களை எல்லாம் அடித்துவிட்டாள். "என் அண்ணன் பொண்ணு என் மேலதான் தூங்குவா" என்றாள். ஏசெக்சுவல்களில் காதலிப்பவர்கள் உண்டு, கல்யாணம் செய்துகொண்டவர்கள் உண்டு, காதலும் வேண்டாம் என்பவர்களும் உண்டு. ஒரே அச்சில் வார்க்க முடியாது. கோமதிக்கு என்ன பயம் என்று கேட்டேன். கூடத் தங்கியிருக்கும் சிநேகிதி கல்யாணமாகிப் போய்விடுவாளோ என்கிற பயம், 'ஃபேமிலிக்கு மட்டும்' என்கிற வீட்டுக்காரர், ஆஸ்பத்திரி ஃபாரத்தில் உறவுமுறை என்ற கட்டத்தில் யார் பெயரை எழுதுவது என்ற குழப்பம் எல்லாம் அந்தத் தோழி சொல்லித்தான் வந்தன. தொடரின் நல்ல காட்சிகள் அவைதான்.

"இப்படி எத்தனை பேர் இருக்கப் போறாங்க?" என்றார் தயாரிப்பாளர். பிரிட்டனில் 18,000க்கும் மேற்பட்டோரிடம் எடுத்த கணக்கெடுப்பை வைத்து, சுமார் நூற்றில் ஒருவர் என்று உளவியல் ஆய்வாளர் ஆண்டனி போகார்ட் 2004இல் எழுதியதைச் சொன்னேன். நம் தொடர்களில் வரும் சைக்கோ கொலைகாரர்களைவிட அதிகம் சார் என்றும் சேர்த்துக்கொண்டேன். சிரித்தார், விட்டுவிட்டார்.

எனக்குப் பிடித்த காட்சி அத்தையோடு வருவது. "ஒரு டாக்டர்ட்ட காட்டிருவோமாடி?" என்பாள் அத்தை. "எதுக்கு அத்தை? எனக்கு சுகர்கூட இல்லியே" என்று காய் நறுக்கிக்கொண்டே சொல்வாள் கோமதி. அதற்குக் கீழே சோக வயலின் ஓடவிட்டிருந்தார்கள். எடுக்கச் சொல்லி ஃபைனல் மிக்ஸிங் வரை சண்டை போட்டேன். எடுத்தார்கள். பதிலுக்கு ஆஸ்பத்திரிக் காட்சியில் பாதியை வெட்டினார்கள்.