இளைப்பு நோயாளியின் கையை நீட்டச் சொல்லிப் பாருங்கள்

மார்கழிப் பனியும் போகிப் புகையும் அடுத்தடுத்து வரும் நாட்களில் கடலூர், புதுச்சேரிப் பக்கம் சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) உள்ளவர்கள் வீட்டில் எல்லோரும் நெஞ்சையே கவனிக்கிறார்கள். இரைப்பு எவ்வளவு, சளி என்ன நிறம், ஆக்சிமீட்டரில் எவ்வளவு. பீடி பிடித்த தாத்தாவோ, காலமெல்லாம் விறகடுப்பு ஊதிய பாட்டியோ பகலில் தூங்கி வழிந்தால், பேரனைப் பெயர் மாற்றிக் கூப்பிட்டால், "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் கோட்டை விடுகிறோம்.

கெட்டுப்போன நுரையீரல் மூளையை இரண்டு பக்கமாக இழுக்கிறது. ஆக்சிஜன் குறைந்தால் நரம்பணுவின் சுவரில் சோடியம், பொட்டாசியத்தைப் பிரித்து வைக்கும் பம்புகள் தளர்கின்றன. தொட்டாலே துடிக்கும் நிலைக்கு அந்த நரம்பணு வருகிறது. கார்பன் டை ஆக்சைடு தேங்கினால் மூளையில் அமிலத்தன்மை கூடி, அதே நரம்பணு மந்தமாகிறது. அதனால்தான் ஒரே ஆள் காலையில் தலைவலியோடு எழுந்து, பகலில் தூங்கி விழுந்து, நடுநடுவே கை வெட்டி வெட்டி இழுக்க உட்கார்ந்திருக்கிறார்.

அந்த வெட்டலை வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, வண்டியை நிறுத்தச் சொல்வதுபோல மணிக்கட்டை மேலே மடக்கி, விரல்களை விரித்து, 30 விநாடி அப்படியே வைத்திருக்கச் சொல்லுங்கள். கை திடீரென்று தொங்கி, உடனே எழும்பும், மறுபடி தொங்கும். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்தை நெபுலைசரில் வைத்த பிறகு வருகிற நடுக்கம் வேறு: அது விரல் நுனியில் சன்னமாக, விடாமல் ஓடும். இது தசையின் பிடி ஒரு நொடிக்கும் குறைவாக அறுந்துபோவது. கல்லீரல், சிறுநீரகக் கோளாறிலும் இது வரும். ஆனால் சிஓபிடி உள்ளவருக்கு இருந்தால் முதலில் கார்பன் டை ஆக்சைடைத்தான் சந்தேகிக்க வேண்டும். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறி.

ஆக்சிமீட்டர் இங்கே காலை வாரும். அது ஆக்சிஜனை மட்டும் சொல்லும், தேங்கிய கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் சொல்லாது. விரலில் 97 காட்டிக்கொண்டே ஒருவர் மயக்கத்துக்குள் போகலாம். மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்துச் செய்கிற ஏபிஜி சோதனைதான் உண்மையைச் சொல்லும். அதில் கார்பன் டை ஆக்சைடின் இயல்பான அழுத்தம் 35 முதல் 45 மி.மீ. பாதரசம்.

பயத்தில் ஆக்சிஜனைக் கூட்டி வைப்பதுதான் நாம் அடிக்கடி செய்கிற தவறு. நுரையீரல், கெட்டுப்போன பகுதிகளுக்குப் போகும் ரத்தக்குழாயைத் தானே சுருக்கி வைத்திருக்கிறது. அளவுக்கு மீறி ஆக்சிஜன் போனால் அந்தக் குழாய்கள் திறந்துகொள்ளும். ரத்தம் அங்கே போய் வாயுவைக் கழிக்காமலே திரும்பும். ஹீமோகுளோபினும் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு கார்பன் டை ஆக்சைடை இறக்கிவிடும். வாயு தேங்கும் நோயாளிகளுக்கு ஆக்சிமீட்டரில் இலக்கு 88 முதல் 92. அதற்கு மேல் துரத்த வேண்டாம். ராத்திரி தூக்கம் வரவில்லை என்று தூக்க மாத்திரை கொடுக்கவே கூடாது, மூச்சை இன்னும் அமுக்கிவிடும்.

எதிர்ப்பக்கத்து ஆபத்து வலிப்பு. அதற்குச் சில நேரம் மருந்துப் பெட்டியிலேயே காரணம் இருக்கும். இரைப்புக்குத் தருகிற டெரிஃபிலின் மாத்திரையில் தியோஃபிலின் என்ற மருந்து உண்டு. உடம்பிலேயே இருக்கும் அடினோசின் மூளைக்குப் பிரேக் மாதிரி. தியோஃபிலின் அந்தப் பிரேக்கைப் பிடுங்கிவிடுகிறது. ரத்தத்தில் அதன் அளவு மில்லிலிட்டருக்கு 20 மைக்ரோகிராமைத் தாண்டினால் வாந்தி, படபடப்பு. சிலருக்கு அதுகூட இல்லாமல் நேரே வலிப்பு. சளிக்கென்று கடையில் வாங்குகிற சிப்ரோஃப்ளாக்சசின், எரித்ரோமைசின் இரண்டும் தியோஃபிலின் கழிவதைத் தடுக்கும். பீடியை விட்டாலும் அளவு ஏறும், ஏனென்றால் பீடிப் புகைதான் கல்லீரலை வேகமாக வேலை வாங்கிக்கொண்டிருந்தது. புகையை விடுவது மிக நல்ல காரியம். விட்ட வாரமே டாக்டரிடம் சொல்லி மாத்திரை அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஐசியூவிலும் ஒரு பொறி இருக்கிறது. பல மாதமாகக் கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 60-இல் வாழ்ந்தவருக்குச் சிறுநீரகம் பைகார்பனேட் என்ற காரத்தைச் சேர்த்து ஈடுகட்டியிருக்கும். வென்டிலேட்டரில் ஒரே மூச்சில் 40-க்கு இறக்கினால் அந்தக் காரம் மிஞ்சி, ரத்தத்தில் தனித்திருக்கும் கால்சியம் குறைந்து, வலிப்பு வரலாம். அதனால் மெதுவாகத்தான் இறக்குவார்கள். "இன்னும் ஏன் சரியாகல" என்று அவசரப்படுத்தாதீர்கள்.

நம் ஊருக்கென்று ஒரு வார்த்தை. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்தபோது பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. கரண்ட் போனால், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் வெறும் பெட்டி. நீண்டகால ஆக்சிஜன் நாளுக்குக் குறைந்தது 15 மணி நேரம் போக வேண்டும். ஐப்பசி பிறக்கும் முன்பே ஒரு பி டைப் சிலிண்டர் வாங்கி வையுங்கள். அதில் சுமார் 1500 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் வைத்தால் பன்னிரண்டரை மணி நேரம் வரும். டாக்டர் சொன்ன அளவை ஃப்ளோமீட்டர் பக்கத்தில் பிளாஸ்திரி ஒட்டி எழுதுங்கள், இருட்டில் யார் திருகினாலும் அதைத் தாண்டாமல் இருக்கும்.