கனாஅஷி பள்ளியின் ஒன்பது பேர்

கோஷியெனில் ஆட்ட நாயகன் விருது கிடையாது. தொடர் நாயகன் விருதும் கிடையாது. ஆகஸ்ட் மாதம் நிஷினோமியாவில் இருக்கும் கோஷியென் மைதானத்தில் ஜப்பானின் உயர்நிலைப் பள்ளிகள் ஆடும் பேஸ்பால் போட்டி அது. நாடே டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும். ஆனால் கடைசியில் ஜெயித்த பள்ளிக்குக் கிடைப்பது அடர்சிவப்பில் ஒரு பெரிய கொடி, கழுத்துக்கு ஒரு மெடல். அந்தக் கொடியையும் அடுத்த வருஷத் தொடக்க விழாவில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இன்னார்தான் சிறந்த ஆட்டக்காரர் என்று ஒரு பையனைத் தனியாகக் கூப்பிட்டு மேடையேற்றும் வழக்கமே அங்கே இல்லை.

எனக்கு இந்த வழக்கம் ரொம்பப் பிடிக்கும். ஆனால் விருது இல்லை என்பதற்காக ஊர் சும்மா இருந்துவிடாது. பத்திரிகையும் டிவியும் சேர்ந்து வருஷத்துக்கு ஒருவரைத் தூக்கி வைத்துக்கொள்ளும். 2018-இல் அது யோஷிதா கோசெய். அகிதா மாநிலத்து கனாஅஷி விவசாய உயர்நிலைப் பள்ளியின் பிட்சர், அதாவது பந்து போடுபவர். அவருக்குக் கிடைத்த புகழில் ஒரு துளிகூட அதிகம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அணியில் மீதி எட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களைப் பற்றித் தமிழில் யாராவது எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

நான் கோவில்பட்டிக்காரன். ஹாக்கி பார்த்து வளர்ந்தவன். பள்ளிக்கூடப் பையன்கள் ஆடுவதைப் பார்க்க ஊரே கிளம்பிப் போவது எனக்குப் புதிதில்லை. 2018-இல் ஒசாகாவில் வேலை, அமகசாகியில் வீடு. ஹான்ஷின் ரயிலில் ஏறினால் கோஷியென் கொஞ்ச நேரம்தான். அதனால் அந்தக் கோடையில் விடுமுறை கிடைத்தபோதெல்லாம் அங்கேதான் கிடந்தேன்.

அது 100-வது போட்டி. வழக்கமாக 49 அணிகள் வரும். அந்த வருஷம் நூறாவது என்பதால் 56. மாநில அளவில் ஆட ஆரம்பித்த பள்ளிகள் 3,781. ஒருமுறை தோற்றால் அதோடு சரி, வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அப்படிப்பட்ட போட்டியில் அகிதாவிலிருந்து வந்த ஓர் அரசு விவசாயப் பள்ளி இறுதி ஆட்டம் வரை வந்தது. அகிதா அணி ஒன்று இறுதிக்கு வந்தது அதற்கு முன் 1915-இல், முதல் போட்டியில். அன்று அகிதா நடுநிலைப் பள்ளி 13 இன்னிங்ஸ் (பேஸ்பாலில் வழக்கமாக ஒன்பது, ஒவ்வொன்றிலும் இரண்டு அணியும் மூன்று அவுட் வரை பேட் பிடிக்கும்) ஆடி, கியோத்தோ அணியிடம் 2-1 என்று தோற்றது. நடுவில் 103 வருஷம்.

அகிதா ஜப்பான் கடலோரம், பனி கொட்டும் பிரதேசம். குளிர்காலத்தில் மைதானமே கண்ணுக்குத் தெரியாது. கனாஅஷி பையன்கள் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு பனிக்குள் ஓடித்தான் காலுக்குப் பலம் ஏற்றியவர்கள். ஒன்பது பேரும் அகிதாவில் பிறந்து வளர்ந்தவர்கள், ஒன்பது பேரும் கடைசி வருஷ மாணவர்கள். வலுவான தனியார் பள்ளிகள் நாடு முழுக்கத் தேடித் திறமையான பையன்களைக் கொண்டுவந்து விடுதியில் வைத்துப் பயிற்சி கொடுக்கும். கோஷியெனில் கனாஅஷி எதிர்கொண்ட ஆறு அணிகளும் தனியார் பள்ளிகளே. ‘களைச்செடிப் பட்டாளம்’ என்பது கனாஅஷியின் செல்லப்பெயர். அந்தப் பெயரை அந்தப் பையன்கள் பெருமையாகவே எடுத்துக்கொண்டார்கள்.

சரி, யோஷிதாவைச் சொல்லாமல் மேலே போக முடியாது. மாநிலப் போட்டியில் ஐந்து ஆட்டம், ஐந்திலும் முதல் பந்திலிருந்து கடைசிப் பந்து வரை அவரே போட்டார். அது 636 பந்து. கோஷியெனில் முதல் ஆட்டத்தில் ககோஷிமா ஜிட்சுக்யோவுக்கு எதிராக 157 பந்து, 14 ஸ்ட்ரைக் அவுட் (பேட்டரைப் பிட்சரே பந்தால் அவுட் ஆக்குவது). அடுத்து ஒகாகி நிச்சிதாய்க்கு 154. யோகோஹாமாவுக்கு 164. நம் ஆட்கள் கணக்கில் சொல்வதானால் 164 பந்து என்பது 27 ஓவருக்கு மேல், ஒரே ஆள், ஒரே ஆட்டத்தில். வேகம் குறையவும் இல்லை. யோகோஹாமா ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில்கூட அதே வேகம். அவருடைய பந்து மேலெழும்புவது போல ஒரு மாயத்தோற்றம் காட்டும். பேட்டர்கள் பந்துக்கு அடியில் வீசிவிட்டு, கேட்சரின் கையுறையைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஆனால் அந்த யோகோஹாமா ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தது தகஹாஷி யூசுகே, ஃபர்ஸ்ட் பேஸ்மேன், அதாவது முதல் பேஸில் நிற்பவர். மைதானத்தில் மூன்று பேஸும் ஹோமும் உண்டு, பேட்டர் அவற்றைச் சுற்றி ஹோமுக்கு வந்தால் ஒரு ரன். எட்டாவது இன்னிங்ஸ், கனாஅஷி 4-2 என்று பின்தங்கி நிற்கிறது. இரண்டு பேர் பேஸில். தகஹாஷி அடித்த பந்து சென்டர் பக்கம் மேலே எழும்பிப் போய்க்கொண்டே இருந்தது. வேலியைத் தாண்டி ஹோம் ரன், மூன்று ரன், 5-4. உயர்நிலைப் பள்ளிக் காலம் முழுக்க அவர் அதற்கு முன் ஒரு ஹோம் ரன் கூட அடித்ததில்லை. முதல் ஹோம் ரன்னே கோஷியெனில், யோகோஹாமா மாதிரி ஒரு பள்ளிக்கு எதிராக! ரன் எடுக்க வேண்டிய நேரத்தில் பண்ட் போட்டு (பேட்டைக் கிடையாகப் பிடித்துப் பந்தை மெல்ல உருட்டிவிட்டு) ஆளை நகர்த்துவதுதான் அந்த அணியின் வழக்கம். பெரிய அடியை யாரும் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் ஆகஸ்ட் 18, சனிக்கிழமை, கால் இறுதி. எதிரே ஷிகா மாநிலத்து ஓமி. நான் அவுட்ஃபீல்டில் உட்கார்ந்திருந்தேன். அதுவரை இலவசமாக இருந்த அவுட்ஃபீல்ட் இருக்கைகளுக்கு அந்த வருஷம்தான் 500 யென் வாங்க ஆரம்பித்தார்கள். அன்றைய நாலாவது ஆட்டம் அது, விளக்கு போட்டாகிவிட்டது. கையில் கச்சிவாரி. பிளாஸ்டிக் பையில் உடைத்த ஐஸைப் போட்டு, ஸ்ட்ரா செருகிக் கொடுப்பார்கள். உருக உருக உறிஞ்சலாம், கழுத்தில் ஒற்றிக்கொள்ளவும் செய்யலாம். பக்கத்தில் ஷிகாவிலிருந்து வந்த ஒரு பெரியவர், காலையிலிருந்து அங்கேயே இருப்பவர். ஓமி 2-1 என்று முன்னால். ஒன்பதாவது இன்னிங்ஸின் பின்பாதி. மூன்று அவுட் எடுத்தால் ஓமி அரையிறுதியில்.

முதலில் வந்த மூன்று பேரும் பேஸில் ஏறிவிட்டார்கள். மூன்றாவது பேஸில் தகஹாஷி, இரண்டாவதில் கிகுச்சி, முதலாவதில் இன்னொரு கிகுச்சி. அந்த அணியில் இரண்டு கிகுச்சி, ஒருவர் ரைட் ஃபீல்டர், ஒருவர் கேட்சர். இரண்டாவது பேஸில் நின்றவர் ரைட் ஃபீல்டர், அணியிலேயே வேகமான கால். ஒருவர்கூட அவுட் இல்லை. பேட் பிடிக்க வந்தது ஒன்பதாவது பேட்டர் சைத்தோ ரிகு.

இந்த இடத்தை நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு பந்தில் நாலு பேர் செய்த வேலை இது. பிட்சர் கையை ஓங்கியதுமே தகஹாஷி மூன்றாவது பேஸிலிருந்து கிளம்பிவிட்டார். சைத்தோ பேட்டைக் கிடையாகப் பிடித்து, பந்தின் வேகத்தைக் கொன்று, தேர்ட் பேஸ் பக்கமாக உருட்டிவிட்டார். தகஹாஷி ஹோமைத் தொட்டார், 2-2. ஓமியின் தேர்ட் பேஸ்மேன் பந்தைப் பொறுக்கி ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிந்தார். அது சரியான முடிவு, பேட்டர் அவுட். ஆனால் அந்தப் பந்து காற்றில் போகும்போதே இரண்டாவது பேஸிலிருந்து வந்த கிகுச்சி மூன்றாவதில் நிற்கவே இல்லை. வளைந்து வந்த வேகத்திலேயே ஹோமை நோக்கி ஓடினார். ஃபர்ஸ்ட் பேஸ்மேன் திருப்பி எறிந்த பந்து கேட்சரிடம் வருவதற்கும் கிகுச்சி தலை முன்னால் நீட்டித் தாவுவதற்கும் இமைப்பொழுதுதான் வித்தியாசம். 3-2, ஆட்டம் முடிந்தது. முதல் பேஸில் நின்ற கேட்சர் கிகுச்சியையும் விட்டுவிடாதீர்கள். அவர் ஏறி நின்றதால்தான் பேஸ்கள் நிரம்பின.

நான் இருந்த இடத்திலிருந்து முதலில் ஒன்றும் புரியவில்லை. இரண்டாவது ஆள் ஓடுவதைப் பார்த்துப் பக்கத்துப் பெரியவர் எழுந்து நின்றுவிட்டார். அப்புறம் ஓமியின் கேட்சர் அப்படியே மண்ணில் குப்புறக் கிடந்தார், எழுந்திருக்கவில்லை. சைரன் ஊதியது. பெரியவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, எதிரணிக்கு, கனாஅஷிக்குக் கைதட்ட ஆரம்பித்தார். ஜெயித்த பள்ளியின் பாட்டு ஒலிக்கும்போது கனாஅஷி பையன்கள் உடம்பைப் பின்னால் வில்லாக வளைத்து, வானத்தைப் பார்த்துக் கத்திப் பாடினார்கள். அது அவர்களுடைய பாணி, அந்தக் கோடையில் நாடு முழுக்க அதைப் பார்த்துச் சிரித்து ரசித்தது.

இரண்டு பேர் ஓடிவந்த அந்த ஸ்குவீஸை (மூன்றாவது பேஸில் நிற்பவரை ஹோமுக்குக் கொண்டுவரப் போடும் பண்ட்) பலர் அதிர்ஷ்டம் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அது பயிற்சியில் பழகி வைத்திருந்த ஓட்டம். தேர்ட் பேஸ்மேன் கண்ணைத் திருப்பும் அந்த ஒரு நொடியில் நிற்பதா, ஓடுவதா என்பது கிகுச்சியின் காலில் ஏற்கெனவே ஊறிப்போயிருந்தது. தொடர் நாயகன் என்று ஒரு விருது இருந்திருந்தால் அது யோஷிதாவுக்குத்தான் போயிருக்கும். ஆனால் அந்தத் தொடரின் ஆகச் சிறந்த ஒரு செயல் என்று கேட்டால் நான் கிகுச்சி ஓடிய அந்தத் தூரத்தைத்தான் சொல்வேன்.

அரையிறுதியில் தோக்கியோவின் நிச்சிதாய் சான்கோவை 2-1 என்று ஜெயித்தார்கள். மறுநாளே, ஆகஸ்ட் 21, இறுதி. எதிரே ஒசாகா தோயின். நெஓ அகிரா, ஃபுஜிவாரா கியோத்தா, ககிகி ரென், யோகோகாவா காய் என்று அந்த அணியில் நாலு பேர் அந்த வருஷ டிராஃப்ட்டிலேயே, அதாவது ஆள் தேர்விலேயே, தொழில்முறை அணிகளுக்குப் போனார்கள். வசந்தப் போட்டியையும் கோடைப் போட்டியையும் ஒரே வருஷத்தில் இரண்டாவது முறையாக ஜெயித்த முதல் பள்ளி என்ற பெயர் அன்று அவர்களுக்குக் கிடைத்தது. முதல் முறை 2012-இல். அவர்களைக் குறைத்துச் சொல்ல எதுவும் இல்லை, அவ்வளவு நல்ல அணி.

ஆட்டம் 13-2. முதல் இன்னிங்ஸிலேயே மூன்று ரன், நாலாவதில் மூன்று, ஐந்தாவதில் ஆறு. யோஷிதா ஐந்து இன்னிங்ஸில் 132 பந்து போட்டு 12 ரன் கொடுத்தார். மாநிலப் போட்டியிலிருந்து யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்த பந்தை அன்றுதான் முதல்முறையாக இன்னொருவரிடம் கொடுத்தார். வாங்கியவர் தேர்ட் பேஸ்மேன் உச்சுகாவா. யோஷிதா ரைட் ஃபீல்டுக்குப் போனார்.

உச்சுகாவாவைப் பற்றி அன்று ராத்திரிச் செய்திகளில் நான் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. யோசித்துப் பாருங்கள். 12-1 என்று ஆட்டம் கைவிட்டுப் போயாகிவிட்டது. மைதானம் நிரம்பி வழிகிறது. எதிரே நாட்டிலேயே பலமான பேட்டிங். போட்டி முழுக்க மூன்றாவது பேஸில் நின்ற பையன் பந்து போடும் மேட்டில் ஏறி, மூன்று இன்னிங்ஸ் போட்டு, ஒரே ஒரு ரன் கொடுத்தார். அவ்வளவு நன்றாகப் போடக்கூடியவரை அதுவரை கூப்பிட வேண்டிய அவசியமே வரவில்லை, அல்லது கூப்பிடவில்லை.

இங்கேதான் எனக்கு மனசு கேட்பதில்லை. ஆறு ஆட்டத்தில் 881 பந்து, 62 ஸ்ட்ரைக் அவுட் என்று கொண்டாடுகிறோம். அந்த 881-இல் 570 பந்து கடைசி ஐந்து நாளில் போட்டவை. பதினேழு வயதுப் பையனின் தோள் அது. வீரம் என்று புகழ்கிற நாம்தான் அடுத்த வருஷம் இன்னொரு பள்ளியின் பையனிடமும் அதையே எதிர்பார்ப்போம். அந்த டிசம்பரிலேயே நீகதா மாநிலம் ஓர் ஆட்டத்துக்கு 100 பந்து என்று வரம்பு வைக்க முன்வந்தது. பெரிய விவாதம் நடந்து, கடைசியில் வாரத்துக்கு 500 பந்து என்ற தேசிய விதி வந்தது. அந்த விதி 2018-இல் இருந்திருந்தால் கனாஅஷி இறுதிக்கு வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். இருந்தாலும் விதி வேண்டும் என்பதே என் கட்சி. உச்சுகாவா முன்னாலேயே மேட்டில் ஏறியிருப்பார், அவரையும் நாம் பார்த்திருப்போம்.

யோஷிதாவை ஹொக்கைதோ நிப்பொன்-ஹாம் என்ற தொழில்முறை அணி டிராஃப்ட்டின் முதல் சுற்றில் எடுத்தது. அதே அணி ஐந்தாவது சுற்றில், இறுதி ஆட்டத்தில் அவருக்கு எதிராகக் கடைசி வரை பந்து போட்ட ககிகியையும் எடுத்தது. இரண்டு பேரும் ஒரே சீருடையில் நின்ற படத்தைப் பார்த்தபோது எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

வடகிழக்கு ஜப்பானின் ஆறு மாநிலங்களில் எதற்கும் அந்தச் சிவப்புக் கொடி 2018 வரை கிடைத்ததில்லை. 2022-இல் மியாகி மாநிலத்து செந்தாய் இகுயெய் அதைக் கொண்டுபோனது, இறுதியில் 8-1. அந்த அணி ஐந்து பிட்சர்களை மாற்றி மாற்றிப் போட வைத்தது. ஒருவர் தோளில் மட்டும் பாரம் ஏற்றவில்லை. அகிதாவுக்குக் கொடி இன்னும் போய்ச் சேரவில்லை. கனாஅஷி 2024-இலும் கோஷியெனுக்கு வந்தது, முதல் ஆட்டத்திலேயே 6-4 என்று தோற்றது. ஜூலையில் மாநிலப் போட்டிகள் முடிந்து பட்டியல் வந்ததும் நான் முதலில் தேடுவது அகிதாவின் வரியைத்தான். கனாஅஷி பெயர் இருந்தால், அன்றைக்கு லீவு சொல்லிவிடுவேன்.