பீட்டில் காரின் சாய்ந்த கியர் லீவர்: ஸ்டாப் பிளேட்டைக் கடைசியாகத் தொடுங்கள்

பழைய வோக்ஸ்வாகன் பீட்டிலில் கியர் லீவர் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது, ரெண்டாம் கியர் போட்டால் ரிவர்ஸ் விழுகிறது, அல்லது ரிவர்ஸ் விழவே மறுக்கிறது என்றால், பெரும்பாலானவர்கள் முதலில் லீவரின் அடியில் இருக்கும் 13 மி.மீ. போல்ட் இரண்டையும் தளர்த்தி ஸ்டாப் பிளேட்டை, அதாவது அழுத்தாமல் லீவர் ரிவர்ஸுக்குப் போகாதபடி தடுக்கும் தகட்டை, நகர்த்துவார்கள். கைக்கு எட்டும் இடத்தில் இருப்பதால் அப்படித் தோன்றும். ஆனால் அது கடைசி வேலை. பின்னால் கப்ளரோ (லீவரின் ராடைக் கியர்பாக்ஸோடு சேர்க்கும் இணைப்பு), முன்னால் புஷ்ஷோ (அந்த ராடைத் தாங்கும் வளையம்) தேய்ந்திருக்கும்போது பிளேட்டை நகர்த்தினால், தேய்மானத்துக்கு ஏற்ப லீவரைக் கோணலாக வைத்ததாகத்தான் ஆகும். ரெண்டு மாதத்தில் தேய்மானம் கூடும், லீவர் மறுபடி சாயும்.

லீவரின் அடிமுனை ஒரு குண்டு. அது வண்டியின் நடுவே தரையில் மேடாக ஓடும் டன்னலுக்குள் போகும் நீண்ட ராடின் மேல் இருக்கும் கிண்ணத்தில் உட்காரும். ராடின் முன்பக்கத்தை ஒரே ஒரு பிளாஸ்டிக் புஷ் தாங்குகிறது. பின்பக்கம் அது ரப்பர் வைத்த கப்ளர் வழியாக கியர்பாக்ஸின் மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டோடு சேர்கிறது. இந்த மூன்று இடத்திலும் சேரும் சிறு சிறு ஆட்டம் லீவரின் குமிழில் பல மடங்காகத் தெரியும்.

சோதனையைப் பின்னாலிருந்து தொடங்குங்கள். பின் சீட்டைத் தூக்கும் முன் ஒரு எச்சரிக்கை: பேட்டரி அந்த சீட்டுக்கு அடியில் வலப்பக்கம் இருக்கிறது. சீட்டின் ஸ்பிரிங் டெர்மினலில் பட்டால் பொறி பறக்கும். நெகடிவ் ஒயரைக் கழற்றிவிட்டு வேலை செய்யுங்கள். சீட்டுக்குக் கீழே டன்னல் முடியும் இடத்தில் சிறிய மூடி ஒன்று உண்டு. அதைத் திறந்தால் கப்ளர் தெரியும். உதவிக்கு ஒருவரை முன்னால் உட்காரவைத்து லீவரை அசைக்கச் சொல்லுங்கள். ராடு திரும்பிய பிறகுதான் கியர்பாக்ஸ் தண்டு திரும்புகிறது என்றால் கப்ளரின் ரப்பர் போய்விட்டது. கப்ளர் பூட்டப்பட்ட இடத்திலேயே ஆட்டம் என்றால் சதுரத் தலை ஸ்க்ரூவைப் பாருங்கள். அதன் கூர்முனை அதற்கான குழிக்குள் இறங்க வேண்டும். குழிக்குப் பக்கத்தில் இறுக்கப்பட்ட ஸ்க்ரூ கொஞ்ச நாள் பிடித்திருக்கும், பிறகு இணைப்பு திரும்பி லீவர் பக்கவாட்டில் சாயும். சாய்ந்த லீவருக்கு அதிகம் கவனிக்கப்படாத காரணம் இதுதான்.

கியர்பாக்ஸ் மூக்கில் நீட்டியிருக்கும் தண்டையே மேலும் கீழும் ஆட்ட முடிகிறதென்றால் உள்ளே இருக்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. அது பெரிய வேலை. முன்பக்க கியர்பாக்ஸ் மவுன்ட்டின் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்றும் அங்கேயே பார்த்துவிடுங்கள். மவுன்ட் தொய்ந்த வண்டியில் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் கியர்பாக்ஸே நகரும். எந்த லீவர் சரிசெய்தலும் நிலைக்காது.

அடுத்தது முன் புஷ். வண்டி ஓடும்போது டன்னலுக்குள் லொடலொடவென்று சத்தம் வந்து, லீவரைக் கையால் பிடித்தால் நின்றால், புஷ் உடைந்திருக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். கியரை நியூட்ரலில் வைத்து, பிளேட் எங்கே உட்கார்ந்திருக்கிறது, எந்த விளிம்பு எந்தப் பக்கம் என்று டன்னலில் கூரான ஆணியால் கோடு கீறிக்கொள்ளுங்கள். பிறகு போல்ட்டைக் கழற்றி லீவர், ஸ்பிரிங், பிளேட் மூன்றையும் எடுங்கள். பிளேட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு ரிவர்ஸ் தேடி அலைவது இந்த வேலையில் சகஜமான தவறு, அதனால் இந்தக் கோட்டைத் தவறவிடாதீர்கள்.

பின்னால் கப்ளரின் பாதுகாப்புக் கம்பியை வெட்டி, ஸ்க்ரூவைத் தளர்த்தி, கப்ளரை விலக்குங்கள். ஒருவர் லீவர் ஓட்டை வழியாக பிளையரால் ராடைப் பிடித்துப் பின்னால் தள்ள, அதன் முன்முனை புஷ்ஷை விட்டு வெளியே வரும். பழைய புஷ்ஷின் துண்டுகளையும், அதைச் சுற்றியிருந்த கம்பி வளையத்தையும் தேடி எடுங்கள். வளையம் காந்தத்தில் ஒட்டும், பிளாஸ்டிக்கை விரலால்தான் தடவி எடுக்க வேண்டும். ராடு முனையில் பிசிர் இருந்தால் அரத்தால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். பிசிர் அப்படியே இருந்தால் புதுப் புஷ் உள்ளே நுழையும்போதே கிழியும். விறைப்பாக இருக்கும் புஷ்ஷைச் சுடுநீரில் சிறிது நேரம் போட்டால் இளகி, தாங்கிக்குள் எளிதாக உட்காரும். லித்தியம் கிரீஸ் தாராளமாகத் தடவி, கிண்ணம் மேலே பார்க்கும்படி ராடை முன்னால் தள்ளுங்கள்.

கப்ளரைப் பூட்டும்போது ஸ்க்ரூவின் முனை குழிக்குள் இறங்கியதை விரலால் உணர்ந்த பிறகே இறுக்குங்கள். புதுக் கம்பியைத் தலையின் ஓட்டை வழியாகக் கோத்து முறுக்கிவிட மறக்கக் கூடாது. இந்த ஸ்க்ரூ வழியில் கழன்றால் லீவர் கையில் சும்மா ஆடும், வண்டி எந்தக் கியரிலும் போகாது.

இப்போதுதான் ஸ்டாப் பிளேட். லீவரின் குண்டு ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தால் லீவரையே மாற்றுங்கள். 1938இல் தொடங்கி 2003 ஜூலையில் மெக்சிகோவின் புவெப்லாவில் கடைசி வண்டி வெளிவந்தது வரை இந்த அமைப்பின் அடிப்படை மாறவில்லை. ஆனால் லீவரின் நீளமும் வளைவும், பிளேட்டின் வடிவமும் இடையில் மாறின. உங்கள் வண்டியின் ஆண்டுக்கு உரியதை மட்டும் வாங்குங்கள். லீவரில் இருக்கும் சிறு பின், அதற்கான வெட்டுக்குள் உட்கார வேண்டும்.

கீறிய கோட்டில் பிளேட்டை வைத்து போல்ட்டைப் பாதி இறுக்குங்கள். எஞ்சின் நிற்கட்டும். கிளட்சை மிதித்து ரெண்டாம் கியரில் போடுங்கள். லீவர் பக்கவாட்டில் நேராக நிற்கும்வரை லீவரைப் பிடித்திருக்கும் அடித்தட்டையும் ஸ்டாப் பிளேட்டையும் சேர்த்து நகர்த்துங்கள், ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம். அந்தக் கியரிலேயே லீவரை இன்னும் பின்னால் இழுத்துப் பாருங்கள். கியர்பாக்ஸுக்குள் தடை தெரிய வேண்டும், ஸ்டாப் பிளேட்டில் இடித்து நிற்கக் கூடாது. பிளேட்டில் இடித்தால் கியர் பாதிதான் விழுந்திருக்கிறது என்று பொருள். அப்படி ஓட்டினால் பற்களின் விளிம்பு மழுங்கி, ரெண்டாம் கியர் தானாகக் கழலும் பழக்கம் வந்துவிடும். அதன் பிறகு லீவரை எவ்வளவு துல்லியமாக வைத்தாலும் பயனில்லை, கியர்பாக்ஸைத்தான் பிரிக்க வேண்டும்.

ரிவர்ஸ், லீவரைக் கீழே அழுத்தி இடது பக்கம் தள்ளிப் பின்னால் இழுத்தால் விழும், ரெண்டாம் கியருக்கு அடுத்து. வலப்பக்க ஸ்டீயரிங் வண்டியிலும் இதே அமைப்புதான். அழுத்தாமல் எவ்வளவு இடதுபக்கம் தள்ளினாலும் ரிவர்ஸுக்குப் போகக் கூடாது. போனால் பிளேட் தப்பாக இருக்கிறது, அல்லது அதன் விளிம்பு தேய்ந்துவிட்டது. விலை மலிவான பாகம், மாற்றிவிடுங்கள்.

லீவர் நேராக நின்றும் ரிவர்ஸ் கரகரவென்று உரசினால் குற்றவாளி பெரும்பாலும் கிளட்ச் கேபிள். பெடலில் 10 முதல் 20 மி.மீ. வரை வெறும் ஆட்டம் இருக்க வேண்டும். கேபிள் உறை 25 முதல் 45 மி.மீ. வரை வளைந்து தொங்க வேண்டும்.

எல்லாம் சரியானதும் போல்ட்டை இறுக்கி, நின்ற எஞ்சினில் நான்கு கியரும் ரிவர்ஸும் போட்டுப் பாருங்கள், பிறகு ஓடும் எஞ்சினில். ஒரு வாரம் ஓட்டியதும் மறுபடி மூடியைத் திறந்து கப்ளர் ஸ்க்ரூவின் கம்பி அப்படியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, முன்னால் உள்ள இரண்டு போல்ட்டிலும் ஒரு தடவை ஸ்பேனர் வையுங்கள்.